எக்ஸிட் போலில் சீட் எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது?

2016 மே 16. தமிழக சட்டமன்றத் தேர்தல் ஓட்டுப்பதிவு முடிந்த அன்று மாலை வந்த எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை திமுக அணிக்கே ஆட்சி என்றன. ஆக்சிஸ் மை இந்தியா 124 முதல் 140 இடங்கள் வரை கொடுத்தது. 19ஆம் தேதி எண்ணியபோது அதிமுக 134, திமுக அணி 98. (தஞ்சாவூர், அரவக்குறிச்சி தள்ளிவைக்கப்பட்டதால் மொத்தம் 232.)

"ஜனங்க சர்வேக்காரங்க கிட்ட பொய் சொல்லிட்டாங்க" என்று இங்கே தேனாம்பேட்டையில் இன்னும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஓட்டு சதவீதத்தைப் பாருங்கள்: அதிமுக சுமார் 40.8, திமுக அணி 40-க்குச் சற்றுக் கீழே. வித்தியாசம் ஏறக்குறைய ஒரே ஒரு சதவீதம்!

இதை சர்வே பிடிக்குமா? 1,000 பேரை ராண்டமாகக் கேட்டால் ஒரு கட்சியின் ஓட்டில் 3 சதவீதம் முன்னே பின்னே போகலாம். அதை 1 ஆகக் குறைக்க சுமார் 10,000 பேர் வேணும். இரண்டு அணிகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் என்றால் பிழை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது 2016-ல் நேர்மையான பதில் "தெரியலை" என்பதுதான். டிவியில் அதை கிராஃபிக்ஸ் போட்டுக் காட்ட முடியாதே.

அடுத்த சிக்கல் இன்னும் பெரிசு. சர்வேயில் கிடைப்பது ஓட்டு. திரையில் வருவது சீட். நடுவில் ஒரு ஃபார்முலா இருக்கிறது, அதை யாரும் காட்டுவதில்லை. மக்கள் நலக் கூட்டணி, பாமக, நாம் தமிழர் எல்லாம் எந்தத் தொகுதியில் யார் ஓட்டைப் பிரித்தார்கள் என்று தெரியாமல் சீட்டை எப்படிச் சொல்வது? ராதாபுரத்தில் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. 2024 மக்களவைத் தேர்தலில் இதே மாநிலத்தில் சுமார் 47 சதவீத ஓட்டுக்கு திமுக அணி 39-க்கு 39 எடுத்தது. மீதி 53 சதவீதம் பேரின் கருத்து சீட் கணக்கில் பூஜ்ஜியம்.

யாரைக் கேட்டார்கள் என்பதும் இருக்கிறது. எல்டாம்ஸ் ரோடு அபார்ட்மென்ட்டில் சர்வேக்காரரை வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். தெரியாத நம்பர் என்றால் போனை எடுப்பதில்லை (நானும்தான்).

சி-வோட்டர் மட்டும் அன்றைக்கு அதிமுகவுக்கு 139 என்றது. சரி, பலித்தது. ஆனா பலிச்சது முறைக்கு சர்டிஃபிகேட் ஆகாது. அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 1916-லிருந்து 1932 வரை ஐந்து அதிபர் தேர்தல்களைச் சரியாகச் சொன்னது. 1936-ல் ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48-ல் 46 மாநிலங்களை எடுத்தார். டெலிபோன் டைரக்டரியிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் பெயர் பொறுக்கினால், அதுவும் பதில் போட மனமுள்ளவர்கள் மட்டும் போட்டால், எண்ணிக்கை எவ்வளவு பெரிசானாலும் பிரயோஜனமில்லை. அதைவிட மிகச் சின்ன சாம்பிளில் காலப் ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். அதே காலப் 1948-ல் ட்ரூமன் தோற்பார் என்று சொல்லி மாட்டிக்கொண்டார்.

நம்மூரில் எக்ஸிட் போலுக்கு என்றே ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ. எப்போது வெளியிடக் கூடாது என்று அது சொல்கிறது. ஓட்டை சீட்டாக எப்படி மாற்றினீர்கள் என்று அது கேட்பதில்லை.