செயற்கைக்கோளில் தெர்மாமீட்டர் கிடையாது

"தரையில இருக்குற வெப்பமானியை விடுங்க சார், சாட்டிலைட் டேட்டாதான் சுத்தமானது." புவி வெப்பமாதல் பற்றிப் பேச்செடுத்தால் இந்த வாதம் எப்படியும் வந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

சாட்டிலைட் வெப்பநிலையை நேரடியாக அளப்பதே இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் 60 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மைக்ரோவேவ் கதிர்களை வெளியிடுகிறது. காற்று சூடானால் கதிரும் கூடும். 1978 கடைசியிலிருந்து அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் இதைப் பதிகின்றன. அதுவும் அன்றாட வானிலைக் கணிப்புக்காக. நாற்பது வருடக் கணக்கு எழுத அல்ல. ஒன்று பழுதாக அடுத்தது என்று போன பல கோள்களின் பதிவை ஒட்டுப்போட்டுத்தான் அந்தக் கோடு வரைகிறார்கள்.

ஸ்பென்சரும் கிறிஸ்டியும் அலபாமாவில் முதலில் வரைந்த கோட்டில் சூடு ஏறியதாகவே தெரியவில்லை. 1998இல் வென்ட்ஸ், ஷாபெல் இருவரும் ஒரு காரணம் காட்டினார்கள்: கோள்கள் மெல்லக் கீழிறங்குவதால், பார்க்கும் கோணம் மாறி, பொய்யான குளிர்ச்சி சேர்கிறது. அடுத்தது நேரம். மதியம் இரண்டு மணிக்குக் கடந்த கோள், சில வருடங்களில் மாலையில் கடக்கும். பொழுது சாய்ந்ததால் வரும் குளிரைக் கழிக்க வேண்டும். 2005இல் மியர்ஸும் வென்ட்ஸும் பார்த்தால், அலபாமா திருத்தத்தில் கூட்டல் கழித்தல் குறியே தலைகீழ்! அவர்கள் மறுக்காமல் திருத்தினார்கள், பத்தாண்டுக்கு 0.09 டிகிரி 0.12 ஆனது. புரோகிராம் எழுதுகிற எவருக்கும் இந்த பக் புதிதில்லை.

இங்கே நம்ம மேகா-ட்ராபிக்ஸ் ஞாபகம் வருகிறது. இஸ்ரோவும் பிரான்சும் 2011இல் அனுப்பியது. 20 டிகிரி சாய்வுப் பாதை என்பதால் நீலகிரி மேல் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு நேரத்தில் கடந்தது. நாளின் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க அருமையான பாதை. ஆனால் அதிலிருந்த சஃபீர் கருவி அளந்தது ஈரப்பதத்தை.

சண்டை 2005உடன் ஓயவில்லை. நோவா-14, நோவா-15 இரண்டும் ஒத்துப்போகாத வருடங்களில், அலபாமா குழு பழையதைக் கழற்றிவிட்டது. மியர்ஸ் குழு இரண்டையும் வைத்துக்கொண்டது. அதே மூலத் தரவு, இரண்டு விடை. எதை நம்புவது என்பது அளவீடு இல்லை, முடிவு.

இன்னொன்று. அலபாமா தரவின் ஒரு கட்டம் சுமார் 275 கிலோமீட்டர். எங்கள் அரவேணு விழும் கட்டத்திலேயே கோயம்புத்தூர், கோழிக்கோடு, மைசூர் எல்லாம் அடக்கம். அதுவும் தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரம் வரை உள்ள காற்றின் சராசரி. அதை வைத்து "நீலகிரியில் ஒன்றும் சூடாகலை" என்று யாராவது எழுதினால், எந்த நீலகிரி என்று கேளுங்கள்.