வினையுரி: சொல்லோ, பணியோ?

ஆங்கில இலக்கணத்தார் வகுத்த எண்வகைச் சொற்களுள் மயக்கம் மிக்கது வினையுரிச்சொல்லே. வினையையோ, பெயருரியையோ, பிறிதொரு வினையுரியையோ சிறப்பித்து வருவது வினையுரியாம் என்பது பள்ளி நூல்களில் வழிவழி வரும் இலக்கணம். வினையுரி யாதென வினவுவார்க்கு வினையுரியையே கொண்டு விடை கூறுதலின், இது தன்னைப்பற்றல் என்னும் குற்றமுடைத்து.

பெயரும் பொருந்துவதன்று. வினையைச் சார்ந்தது என்னும் பொருளுடைய கிரேக்கக் குறியீட்டை உரோமர் மொழிபெயர்த்தனர். ஆங்கிலம் அதனை ஏற்றது. ஆயின், 'வெரி' என்பது 'வெரி குட்' எனப் பெயருரியைத் தழுவுமேயன்றி வினையைத் தழுவாது. தொடர் முதற்கண் வரும் 'ஃபிராங்க்லி' என்பதோ தொடர் முழுவதையும் தழுவும்.

'லி' ஈறு கொண்டு தெளியலாமோவெனின், அதுவும் அமையாது. 'ஃபிரண்ட்லி' அவ்வீறு பெற்றும் பெயருரி. 'ஃபாஸ்ட்' பெறாதும் வினையுரியாம். பழைய ஆங்கிலத்தில் பெயருரியீறு 'லிச்' எனவும், வினையுரியீறு 'லிச்செ' எனவும் வேறுபட்டு நின்றன. இறுதி எகரம் கெட்டமையால் பின்னர் இரண்டும் ஒன்றாயின. 'ஃபாஸ்ட்' இருநிலையும் எய்தியது அவ்வெகரக் கேட்டினாலேயே.

1952இல் சார்லசு ஃபிரீசு, பொருளை விடுத்துத் தொடரில் நிற்கும் இடங்கொண்டு சொல்வகை கண்டார். 1985இல் குவர்க்கு முதலிய நால்வர், சொல்வகை வேறு, தொடரில் அஃது ஆற்றும் பணி வேறு எனப் பிரித்து, அப்பணியை நால்வகைப்படுத்தினர். 2002இல் ஹடில்சுடனும் புல்லமும் இப்பிரிவை மேலும் கூர்மையாக்கினர். 'யெஸ்டர்டே' வினைக்கு அடையாய் நிற்பினும், 'யெஸ்டர்டேஸ்' என உடைமையுருபு ஏற்றலின், அதனை மாற்றுப்பெயராகக் கொண்டனர். இம்முடிபு நமக்கு உடன்பாடே. 'ஹியர்', 'தேர்' என்பவற்றை முன்னிடைச்சொல்லாக்கியது கொள்கைக்கு இயைந்ததாயினும், அகராதி வழக்கொடு முரணுதலின் தொடக்க மாணாக்கர்க்கு இடர் தரும்.

இவ்வேறுபாடு தமிழாய்வார்க்கும் இன்றியமையாதது. வினையுரிச்சொல், வினையடை என்னும் இரண்டனையும் நம்மவர் ஒருபொருளிலேயே வழங்குகின்றனர். முன்னதைச் சொல்வகைக்கும் பின்னதைப் பணிக்கும் உரிமையாக்கல் தகும் என்பது நம் கருத்து. 'விரைவாக ஓடினான்' என்புழி, 'விரைவு' பெயர், 'ஆக' எச்சம், இரண்டும் கூடி ஆற்றும் பணியே வினையடை. அங்ஙனமாகவும், அதனை வினையுரிச்சொல் எனத் தனிவகையாக்குதல், ஆங்கிலத்தார் இன்று களையும் மயக்கத்தை நாம் விரும்பி ஏற்பதாய் முடியும்.