கற்றற் கோட்பாடுகளும் முன்பள்ளிக் கற்பித்தலும்: ஒரு விமர்சன நோக்கு

கல்வியியலைப் பயிலும் மாணவர் எவரும் பவ்லோவின் நாயையும் தோண்டைக்கின் பூனையையும் ஸ்கின்னரின் எலியையும் சந்தியாது பரீட்சை மண்டபத்தினுள் நுழைவதில்லை. அவற்றையடுத்துப் பியாஜேயின் பருவங்கள் வரும். இறுதியில் வைகொட்ஸ்கி வருவார். ஒவ்வொரு கோட்பாட்டையும் சுருக்கி வரைந்து, அதன் கல்விசார் பயன்கள் என ஐந்து குறிப்புகளை எழுதிவிட்டால் விடை நிறைவுறும். ஆயின், நான்கு வயதுப் பிள்ளையின் முன் நிற்கும் ஆசிரியையின் சொல்லிலும் செயலிலும் இக்கோட்பாடுகள் எவ்வாறு புகுகின்றன, புகும்போது எவ்வாறு திரிபடைகின்றன என்னும் வினா நம்மிடையே அருகியே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நடத்தைவாதத்தை நோக்குவோம். புதிர்ப்பெட்டியில் அடைபட்ட பூனைகளை ஆராய்ந்து தோண்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்வு, கற்றலைத் தூண்டிக்கும் துலங்கலுக்கும் இடையே உருவாகும் இணைப்பாகக் கண்டது. ஸ்கின்னர் அதனை மேலும் வளர்த்து, விரும்பத்தக்க நடத்தையைச் சிறு படிகளாகப் பகுத்து ஒவ்வொரு படியையும் உடனுக்குடன் மீளவலியுறுத்த வேண்டும் என்றார். முன்பள்ளிக் கொப்பியில் ஒட்டப்படும் நட்சத்திரமும், சரியான விடைக்குக் கிடைக்கும் கைதட்டலும், ஒரே எழுத்தைப் பக்கம் முழுவதும் எழுதுவிக்கும் வழக்கமும் இச்சிந்தனையோடு உறவுடையன. ஸ்கின்னரின் பெயரை அறியாத ஆசிரியையும் இவற்றைக் கைக்கொள்கின்றார். ஒழுங்கான பழக்கங்களை உருவாக்குவதில் இம்முறைக்குள்ள ஆற்றலை மறுத்தல் நேர்மையாகாது.

எனினும் பரிசுக்கு மறுபக்கமும் உண்டு. லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இங்கு மனங்கொள்ளத்தக்கது. படம் வரைவதில் இயல்பாகவே ஈடுபாடு கொண்ட முன்பள்ளிப் பிள்ளைகளுள் ஒரு சாராருக்கு, வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என முன்னரே கூறப்பட்டது. இன்னொரு சாராருக்கு அது எதிர்பாராத வகையில் வழங்கப்பட்டது. வேறொரு சாரார் எதுவும் பெறவில்லை. சில நாட்களின் பின், பரிசை எதிர்பார்த்து வரைந்தோரே வரைதலில் குறைந்த நேரத்தைச் செலவிட்டனர். விளையாட்டாக இருந்தது வேலையாக மாறிவிட்டது. நடத்தையை மாற்றுவதில் வெற்றி கண்ட முறை, அந்நடத்தையின் ஊற்றாகிய விருப்பத்தைக் கணக்கில் எடுக்கத் தவறியமை இதனாற் புலனாகும்.

பியாஜேயின் நோக்கு இதனின்றும் வேறுபட்டது. தம் மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தைப் பருவந்தொட்டு நுணுகி அவதானித்த அவர், பிள்ளை அறிவைப் பெறும் வெறுங்கலமன்று, தன் செயல்களினூடாக அறிவைக் கட்டியெழுப்பும் ஓர் ஆய்வாளன் என்று காட்டினார். மணலும் நீரும் கட்டைகளும் வகுப்பறையினுள் மதிப்புடன் நுழைவதற்கு இக்கருத்துப் பெரிதும் துணைநின்றது. இங்கிலாந்தில் 1967இல் வெளிவந்த பிளவுடன் அறிக்கையில் இதன் செல்வாக்கைத் தெளிவாகக் காணலாம்.

ஆயின் இங்கும் ஒரு திரிபு நேர்ந்தது. பிள்ளையின் சிந்தனை எவ்வாறு வளர்கின்றது என்ற விவரணம், பிள்ளையால் இன்னது இயலாது என்ற தீர்ப்பாயிற்று. பியாஜேயின் புகழ்பெற்ற சோதனையில் இரு வரிசைகளிலும் சம எண்ணிக்கையிற் பொருள்கள் வைக்கப்படும். பின் ஒரு வரிசை அகற்றிப் பரப்பப்படும். 'எதில் கூட உள்ளது?' என மீண்டும் வினவும்போது முற்சிந்தனைப் பருவப் பிள்ளை நீண்ட வரிசையையே காட்டும். இதைக் கொண்டு எண்ணிக்கை மாறாமையை அப்பிள்ளை இன்னும் உணரவில்லை எனப்பட்டது. ஆயத்தநிலை வரும்வரை காத்திருப்போம் என்பது பல வகுப்பறைகளில் கற்பியாமைக்கு நியாயமாகவும் மாறியது.

எடின்பரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகிரட் டொனால்ட்சன் எழுப்பிய ஐயம் இவ்விடத்திலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. அவரும் மக்கரிகிளும் 1970களின் நடுப்பகுதியில் வெளியிட்ட ஆய்வில், வரிசையைக் குலைத்தவர் ஆய்வாளர் அல்லர். குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று. 80 பிள்ளைகளுள், பெரியவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றியபோது 13 பேரே எண்ணிக்கை மாறவில்லை என்றனர். கரடி குலைத்தபோது 50 பேர் அவ்வாறு கூறினர். பெரியவர் ஒருவர் பொருள்களை வேண்டுமென்றே மாற்றிவிட்டு அதே வினாவை மீண்டும் கேட்பாராயின், விடையும் மாறவேண்டும்போலும் எனப் பிள்ளை கருதுகின்றது. அது சொற்களுக்கு மட்டுமன்றி, சொல்பவரின் நோக்கத்துக்கும் சேர்த்தே விடையளிக்கின்றது. 1978இல் வெளிவந்த தமது 'குழந்தைகளின் மனங்கள்' என்னும் நூலில் டொனால்ட்சன் இக்கருத்தை விரிவாக நிறுவினார்.

இம்முடிவையும் விமர்சனமின்றி ஏற்றல் தகாது. 1986இல் மூர், பிறை ஆகிய இருவரும், கரடியின் குறும்பு பிள்ளையின் கவனத்தைத் திருப்பிவிடுவதால், எண்ணிக்கை மெய்யாகவே மாறியபோதும் பிள்ளைகள் அதனைக் காணத் தவறுகின்றனர் எனக் காட்டினர். ஆகவே பியாஜே முற்றாகத் தோற்றார் என்றோ டொனால்ட்சன் முற்றாக வென்றார் என்றோ கூறுதற்கில்லை. ஆனால் ஒன்று உறுதியாயிற்று: பிள்ளையின் பிழையான விடை பிள்ளையின் குறைபாட்டுக்கு மட்டும் சான்றாகாது, வினாவின் குறைபாட்டுக்கும் அது சான்றாகலாம்.

பியாஜே பிறந்த 1896ஆம் ஆண்டிலேயே பிறந்து, 37ஆம் வயதில் மறைந்த வைகொட்ஸ்கி, வினவுவோரையும் கற்றலின் உள்ளே கொண்டுவந்தார். பிள்ளை தனித்துச் செய்யக்கூடியதற்கும் வல்லாரின் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட வெளியே கற்பித்தலின் களம் என்பது அவர் கருத்து. அத்துணையைக் கட்டடத்துக்கு இடும் சாரத்துக்கு ஒப்பிட்டு 1976இல் வூட், புறூணர், றொஸ் ஆகியோர் எழுதினர். சாரம் கழற்றப்படுவதற்கென்றே கட்டப்படுவது. பிள்ளையின் கையைப் பிடித்து எழுதுவித்து, ஈற்றில் பிள்ளைக்காகத் தானே எழுதிவிடும் ஆசிரியை, சாரத்தையே கட்டடமாகக் கொண்டவராவார். இக்கோட்பாட்டின் திரிபு இதுவே.

இனி நமது நிலைமைக்கு வருவோம். 1907இல் உரோமின் வறிய குடியிருப்பொன்றில் மரியா மொண்டிசோரி தொடங்கிய இல்லத்தில், பிள்ளை தானே பொருளைத் தெரிந்து, தன் பிழையைத் தானே கண்டு திருத்தியது. நம் நாட்டில் அவர் பெயர் முன்பள்ளிக்கே பொதுப்பெயராக வழங்குகின்றது. எனினும் அப்பெயர் தாங்கிய இடங்கள் பலவற்றில் மூன்று வயதுப் பிள்ளை கொப்பியின் கோடுகளுக்கிடையே அகரத்தை வரிவரியாகப் பிரதிசெய்வதைக் காணலாம். பெயர் மொண்டிசோரியினுடையது, முறை ஸ்கின்னரினுடையதும் அன்று. ஏனெனில் அவர் வற்புறுத்திய சிறு படிகளும் உடன் துலங்கலும் அங்கில்லை. எஞ்சியிருப்பது, முதலாம் ஆண்டில் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பெற்றோரின் அச்சமே. 1990களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம், முதலிரு ஆண்டுகளில் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கு முதன்மை அளித்தமையை நினைக்கும்போது இம்முரண் மேலும் துலக்கமாகின்றது.

இதனினும் ஆழமானது மொழிப் பிரச்சினை. வீட்டில் 'இதில எது பெரிசு?' எனக் கேட்டுப் பழகிய பிள்ளையிடம், 'இவற்றுள் பெரியது எது?' என வினவுகின்றோம். பிள்ளை மௌனமாகின்றது. பருமன் பற்றிய எண்ணக்கரு உருவாகவில்லை எனக் குறிக்கின்றோம். அறிகைக் குறைபாடாக நாம் பதிந்தது, உண்மையில் எழுத்துவழக்குக்கும் பேச்சுவழக்குக்கும் இடைப்பட்ட தூரமேயாகலாம். தோட்டத்திலோ கரையோரக் கிராமத்திலோ வளர்ந்த பிள்ளைக்கு இத்தூரம் பின்னும் கூடுதலாயிருத்தல் கூடும். எழுத்துவழக்கைக் கற்பிக்க வேண்டாம் என்பதன்று நம் வாதம். பிள்ளையின் சொந்தப் பேச்சிலிருந்து அதற்கு ஏறும் படியை அமைப்பதே வைகொட்ஸ்கி கூறும் துணையாகும்.

கோட்பாடுகளுள் எது சரியானது என்ற வினாவைப் பரீட்சைத் தாள் கேட்கலாம். முன்பள்ளி கேட்பது வேறொன்று: நான் கேட்ட வினாவும் பிள்ளை விளங்கிக்கொண்ட வினாவும் ஒன்றுதானா? இதனைத் தன்னுள் கேட்டுக்கொள்ளும் ஆசிரியைக்குக் கோட்பாடு ஒரு கருவியாகும். கேளாதவர் கையில் அது பிள்ளைகளைத் தரம்பிரிக்கும் முத்திரையாகும். ஐந்து குறிப்புகளை எழுதிச் சித்தியடைந்து, நாளை அவ்வாசிரியைகளைப் பயிற்றுவிக்கச் செல்லும் நாமும், ஆறாவது குறிப்பாக இவ்வினாவை எழுதக் கற்றல் வேண்டும்.