வெள்ளமும் ஓடமும் பரியும்
(செஞ்சிக் கதைப்பாடலை முன்வைத்து ஓர் ஆய்வு)

தேசிங்குராசன் கதையொடு சேர்ந்து வழங்கும் செய்திகளுள், வெள்ளம் புரளும் ஆற்றை அவன் பரிமேலிருந்தவாறே நீந்திக் கடந்தான் என்பதும் ஒன்று. இதனை வெற்று மிகையெனத் தள்ளுவாரும் உளர். ஆற்றில் ஓடமிருக்கப் பரியை ஏன் இறக்கவேண்டும் என்பது அவர்தம் வினா. வினா நன்றே, ஆயின் அது செஞ்சி நிலத்தை நோக்காது எழுந்தது என்பது எம் கருத்து.

வெள்ளக் காலத்தில் ஓடத்தையே மனையாகக் கொண்டு வாழும் வாழ்க்கைக்கு நீர் வற்றாத ஆறு வேண்டும். காசுமீரத்து சீலம் ஆற்றில் ஆஞ்சியர் 'டூங்கா' என்னும் கூரைப் படகிலேயே உண்டு உறங்கி மக்களை வளர்த்தனர். நீர் உயர்ந்தால் மனையும் உயரும். செஞ்சி மலைப்பகுதியில் தோன்றிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலொடு கலக்கும் சங்கராபரணியோ அத்தகையதன்று. வராகநதி, செஞ்சியாறு என்றும் பெயர் பெறும் இவ்வாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் திடீரெனப் பெருகும். 2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை பெய்ததும், இவ்வாறு கரையோர ஊர்களைச் சூழ்ந்ததும் யாவரும் அறிந்தனவே. சில நாள் வந்து போகும் வெள்ளத்தில் ஓடவாழ்வு வேரூன்றுவதற்கு இடமேது?

வற்றா ஆறுகளைப் பாடுமிடத்தும் நம் புலவர் ஓடத்தை மனையாக்கினாரல்லர். கம்பர் காட்டும் குகன் ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவனாயினும் அவன் உறைவது கங்கைக் கரையிலே. பரிபாடலில் இன்று முழுமையாய்க் கிடைக்கும் இருபத்திரண்டனுள் வையைக்குரியன எட்டு. அவற்றில் புதுப்புனல் நீராட்டு விழாவே அன்றி உறைவிடமன்று. எனவே நம் இலக்கியத்தில் ஓடம் கடத்தற்குரிய கருவி.

அக்கருவியும் பரியும் தமிழ் நெஞ்சில் நெடுங்காலம் இணைந்தே நின்றன என்பதே ஈண்டு யாம் வலியுறுத்த விழைவது. உப்பு விற்று நெல்லொடு மீண்ட படகுகள் கட்டப்பட்டு நிற்றலைப் பட்டினப்பாலை பந்தியிற் பிணித்த புரவிக்கு ஒப்பிடுகின்றது. சிலம்பின் புறஞ்சேரியிறுத்த காதையில் வையைத் துறையில் பரிமுக அம்பி நிற்கின்றது. கரிமுகமும் அரிமுகமும் உடன் நிற்கின்றன. கோவலனும் கண்ணகியும் கவுந்தியும் அவற்றை விடுத்து எளிய மரப்புணையில் கடக்கின்றனர். செல்வமிழந்தார்க்குப் பொருந்துவது புணையே என இளங்கோவடிகள் வாய்திறந்து கூறவில்லை. கூறாமையே அவர் திறம். வரப்போவதை அறிந்த வையை தன் கண்ணீரைப் பூவாடையால் மறைத்ததும் அவ்விடத்தேயாம்.

செஞ்சிக் கதை இவ்வுவமையைத் தலைகீழாக்கிற்று. அங்கே ஓடம் பரியாயிற்று. இங்கே பரி ஓடமாயிற்று. பாராசாரி என்னும் அப்பரி, ஓடமற்ற ஆற்றின் ஓடம். ஓடமாயின் பின்னொரு படையையும் ஏற்றிவரும். பரியோ தன் தலைவனை மட்டுமே சுமக்கும். ஆகவே அக்கரை சேர்ந்தவன் தனியனாகின்றான். 1714 அக்டோபர் 3 அன்று ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் பெரும்படையை எதிர்த்துத் தேசிங்கு மாண்டமை வரலாறு. அச்சிறுபடையின் தனிமையைக் காட்டப் பாடுவோர் எடுத்துக்கொண்ட வாயிலே இவ்வெள்ளம் எனக் கொள்ளின், மிகையென்ற குற்றம் தானே நீங்கும்.

ஒன்று மட்டும் வேறுபடுகின்றது. சிலம்பில் ஆறு அழுதது. செஞ்சி வழக்கில் ஆறு அழவில்லை. போருக்குச் செல்லாதே எனக் குறிப்பாற் கூறி முகத்தைத் திருப்பிக்கொண்டவர், சிங்கவரம் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரே.