இயலுவதும் நடைமுறையும்: கல்விச் சட்டத்தின் ஒரு தொடர்

மலேசியத் தமிழ்க் கல்வி பற்றிய கட்டுரைகளில் 'பதினைந்து மாணவர்' என்னும் தொடர் இடையறாது எடுத்தாளப்படுகின்றது. அத்தொடர் அமைந்துள்ள சட்டவாசகத்தை, ஒரு செய்யுளுக்கு உரை காணும் கவனத்தோடு நாம் வாசித்துள்ளோமா என்பது ஐயத்திற்குரியது.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசிய இடைநிலைப்பள்ளியை வரையறுக்குமிடத்து மொழிகளை மூன்று நிலைகளில் வைக்கின்றது. குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கோரினால் சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்யப்படல் வேண்டும். பூர்வகுடி மொழிகளுக்கு அக்கோரிக்கை மட்டும் போதாது. அது நியாயமானதாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருத்தல் வேண்டும். அரபு, ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு முதலியவற்றுக்கோ, நடைமுறைக்கு ஏற்றதாயின் செய்து தரலாம் என்பதே விதி. 'வேண்டும்' என்பதற்கும் 'லாம்' என்பதற்கும் உள்ள தொலைவைத் தமிழாசிரியர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே, தமிழைப் பொறுத்தமட்டில் 'நடைமுறைக்கு ஏற்றதா?' என்னும் வினாவை இவ்வரையறை எழுப்பவே இல்லை. அதனை எழுப்புவது கால அட்டவணை. பல வேளைகளில் நாமே எழுப்பி, நாமே விடையும் கூறிவிடுகின்றோம்.

அண்மையில் சிகாமட் மாவட்டத்து லாபிஸில் தமிழாசிரியர் சிலரோடு உரையாடினோம். ரப்பரும் பின்னர் செம்பனையும் சூழ்ந்த சிறுநகர் அது. தமிழ் வகுப்பு பாடநேரத்திற்கு வெளியே தள்ளப்படுமாயின், தோட்டப்புற மாணவனுக்கு வீடு திரும்பும் வழி அடைபடுகின்றது. "சட்டப்படி முடியும் ஐயா, பஸ்ஸு நிக்காதே" என்றார் ஒருவர். நம் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் உரிமைக் கட்டுரைகள் பலவற்றில் இந்தப் பேருந்து இடம்பெறுவதே இல்லை. அவற்றின் பெருங்குறை இதுவென்றே கருதுகின்றோம்.

எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடங்கள் என்னும் வரம்பு 2010ஆம் ஆண்டையொட்டி எதிர்ப்புக்குள்ளாகி, 12 வரை எடுக்கலாம் எனத் தளர்த்தப்பட்டது. தமிழ்மொழியோடு தமிழ் இலக்கியமும் எடுக்க அதனால் வழி திறந்தது உண்மையே. ஆயினும் தேர்வில் அமரும் இசைவு வேறு, அப்பாடத்தைக் கற்பிக்க ஆசிரியரும் வேளையும் வாய்த்தல் வேறு.

பேருந்து மெய்யான இடர். ஆனால் எல்லா இடரும் அத்தகையதன்று. சட்டம் எண்ணச் சொல்வது 'பள்ளியில் உள்ள' மாணவரை; ஒரு படிவத்தில் உள்ளோரை அன்று. இதனைச் சுட்டியபோது அவ்வாசிரியர் ஒரு தாளை எடுத்து, முதற்படிவம் தொடங்கி ஐந்தாம் படிவம் வரை கூட்டிப் பார்த்தார். கூட்டுத்தொகை பதினைந்தைத் தாண்டியது. அதுநாள்வரை படிவம் படிவமாகவே எண்ணி வந்தாராம்.