சிறிதாகத் தொடங்குவதும் அரைகுறையாக இறக்குவதும்

ஸ்டார்ட்அப் தொடங்க வருகிறவர்களுக்கு இன்று முதலில் சொல்லித்தரப்படும் பாடம், பொருள் முழுமையாகும்வரை காத்திருக்காதே என்பதுதான். அடிப்படை வேலையை மட்டும் செய்கிற முதல் வடிவத்தை வாடிக்கையாளரிடம் கொடு. அவர் அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கவனி. அடுத்த வடிவத்தை அதற்கேற்ப மாற்று. ஸ்டீவ் பிளாங்க் போட்ட அடித்தளத்தின்மேல் எரிக் ரீஸ் வளர்த்தெடுத்து, 2011-இல் நூலாகவும் எழுதிய இந்த 'லீன் ஸ்டார்ட்அப்' முறை நல்ல முறை என்றே நினைக்கிறேன். ஆனால், சிறிதாகச் சோதித்துப் பார் என்று அது சொன்னதை, அரைகுறையானாலும் இறக்கிவிடு என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்ள அந்த முறையே இடம் வைத்திருக்கிறது என்பதுதான் என் குறை.

முதலில் அதன் பலத்தைச் சொல்லியாக வேண்டும். ரீஸும் கூட்டாளிகளும் 2004-இல் தொடங்கிய ஐ.எம்.வி.யு. நிறுவனம், மக்கள் ஏற்கெனவே வைத்திருந்த அரட்டைச் செயலிகளோடு இணையும் ஒரு மென்பொருளை எழுத ஆறு மாதம் செலவிட்டது. வாடிக்கையாளர்கள் அதைத் தொடவே தயங்கினார்கள். பழைய நண்பர்களை இங்கே அழைத்துவர அவர்களுக்கு விருப்பமில்லை. புதியவர்களோடு பழகத்தான் வந்தார்கள். என்ன வேண்டும் என்று முதல் வாரத்திலேயே அவர்களிடம் கேட்டிருந்தால் எழுதிய நிரலில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. 1999-இல் நிக் ஸ்வின்மர்ன் செய்தது இதற்கு நேர்மாறு. கிடங்கு இல்லை, சரக்கு இல்லை. கடைகளில் இருந்த காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். யாராவது கேட்டால் அந்தக் கடையில் வாங்கி அனுப்பினார். பார்க்காமலே செருப்பு வாங்குவார்களா என்ற ஒரே சந்தேகம் அந்தச் சில விற்பனைகளில் தீர்ந்தது. பிறகுதான் அது ஸாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடையாக வளர்ந்தது. சோதிக்காமல் இறங்கியவர்களின் கதையும் நம் முன் இருக்கிறது. ஏறத்தாழ 175 கோடி டாலர் திரட்டிய குவிபி என்ற குறும்படச் செயலி, 2020 ஏப்ரலில் வந்து அதே ஆண்டு இறுதிக்குள் மூடப்பட்டது.

ஆனால் லீன் முறை அளப்பது வாடிக்கையாளரின் எதிர்வினையை மட்டுமே. பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுகிறவர் வாடிக்கையாளரே இல்லையென்றால், அவருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. 2018 மார்ச் 18 இரவு அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் கடைசிவரை அவரைப் பாதசாரி என்று இனங்காணவில்லை. காரோடு வந்த வோல்வோவின் அவசர பிரேக் வசதியையும் நிறுவனம் சோதனைக்காக நிறுத்தி வைத்திருந்தது. இருக்கையில் இருந்த கண்காணிப்பாளர் கைப்பேசியில் கவனமாக இருந்தார். அந்தப் பெண் ஊபரின் எந்தச் செயலியையும் தரவிறக்கி எந்த நிபந்தனைக்கும் ஒப்புதல் தரவில்லை. இது ஒரு நிறுவனத்தின் அலட்சியம், முறையின் குற்றமல்ல என்று வாதிடலாம். அலட்சியம் அவர்களுடையதே. ஆனால் யாரிடம் சோதிக்கிறோம், தவறினால் இழப்பு யாருக்கு என்ற கேள்விகளைத் தன் முதல் விதியாக வைக்காத எந்த முறையும் அந்த அலட்சியத்துக்குத் தடைபோடாது.

ராக்கெட் செய்கிறவர்களே தோற்றுத் தோற்றுத்தானே கற்றார்கள் என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1 மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பரில் நான்காம் முறைதான் சுற்றுப்பாதையை எட்டியது. அவை பசிபிக் கடலின் நடுவே ஒரு தீவிலிருந்து ஏவப்பட்டவை. செயற்கைக்கோளை ஏற்றி அனுப்பியவர்களுக்கும் ஆபத்து தெரிந்திருந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் முளைத்த அக்னிகுல் நிறுவனத்தின் பாதை இன்னும் தெளிவானது. 2017-இல் தொடங்கிய அது, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவிய முதல் ராக்கெட்டைச் சுற்றுப்பாதைக்கு அனுப்ப முயலவே இல்லை. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சின் பறக்கும்போது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கான துணைச் சுற்றுப்பாதைச் சோதனை அது. கோளாறு தென்பட்டபோதெல்லாம் ஏவுதலைத் தள்ளிப்போட்டார்கள். இலக்கைச் சுருக்கிக்கொண்டார்கள், அந்தச் சிறிய இலக்குக்குள் எதையும் அரைகுறையாக விடவில்லை. லீன் முறையின் சரியான பொருள் இதுதான் என்பேன்.

இவ்வளவு யோசித்தால் போட்டியாளன் முந்திவிடுவான் என்று முதலீட்டாளர்கள் சொல்வார்கள். செருப்புக் கடைக்கும் அரட்டைச் செயலிக்கும் அந்த அவசரம் பொருந்தும். அங்கே தவறினால் பணம் திருப்பித் தரப்படும், அல்லது வாடிக்கையாளர் செயலியை நீக்கிவிட்டுப் போவார். உடலையும் உயிரையும் தொடும் பொருளில் வேகம் என்ன விலை கேட்கிறது என்பதை ஊபரின் அடுத்த நடவடிக்கையே காட்டியது. 2018 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கில் மறுபடி சோதனை தொடங்கியபோது காரில் இரண்டு பேர் அமர்ந்தார்கள், அவசர பிரேக் இயக்கத்தில் இருந்தது, வேகம் மணிக்கு 25 மைலுக்குள் நின்றது, ஓட்டம் வார நாட்களின் பகலில் மட்டும் நடந்தது. இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவைப்படவில்லை. ஒன்பது மாதங்களுக்கு முன் டெம்பியிலும் இவை அத்தனையும் செய்யக்கூடியவையாகவே இருந்தன.