மக்காச்சோள ரொட்டியும் மார்க் டுவெய்னும்

அமெரிக்க நாட்டு நூல்களைத் தமிழில் எடுத்துச் சொல்லப் புகுவாரை இடறிவிடும் சொற்களுள் ஒன்று 'கார்ன்' என்பது. இதனைச் 'சோளம்' எனப் பெயர்த்துவிட்டு மேலே செல்வார் பலர். நம் முன்னோர் கூழாக்கி உண்ட சோளம் வேறு. அமெரிக்கர் கார்ன் என்பது மக்காச்சோளம், மலாய் மொழியில் ஜாகுங் எனப்படுவது. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடியினர் போற்றி வளர்த்த அப்பயிர், கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பின்னரே ஏனைய கண்டங்களுக்குப் பரவிற்று. இவ்வேறுபாடு பயிர்நூலார்க்கு மட்டும் உரியதன்று. மார்க் டுவெய்ன் எழுதி, 1884ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் 1885இல் அமெரிக்காவிலும் வெளிவந்த 'ஹக்கிள்பெரி பின்' கதையைப் பயில்வோர்க்கு, இந்த ரொட்டி இன்னதென்று தெரிந்தாலன்றிச் சில இடங்கள் விளங்கா.

கோதுமை மாவில் இழுபடும் பசைத்தன்மை உண்டு. அதனால் அது புளித்துப் பொங்கி உயரும். மக்காச்சோள மாவில் அப்பசை இல்லை. நீரும் உப்பும் கூட்டிப் பிசைந்து, கையால் பிடித்து, வார்ப்பிரும்புச் சட்டியிலோ அடுப்புச் சாம்பலிலோ சுட்டால் போதும். 'கார்ன் போன்', 'கார்ன் டாட்ஜர்' என்பன இவ்வகையின. வசதியுள்ள வீட்டில் மோரும் முட்டையும் சேரும். சூட்டோடு தின்றால் சுவை. ஆறினால் காய்ந்து உதிரும். ஆகவே இது கடைப்பண்டமாவதினும் வீட்டடுப்பின் பண்டமாகவே நிலைத்தது. அமெரிக்கத் தென்பகுதியில் ஏழை வெள்ளையர்க்கும் அடிமைகட்கும் அன்றாட உணவு இதுவே.

இனிக் கதைக்கு வருவோம். எட்டாம் அதிகாரத்தில், தந்தையின் கொடுமைக்குத் தப்பிய சிறுவன் ஹக், ஜாக்சன் தீவில் ஒளிந்திருக்கிறான். அவன் இறந்தான் என நம்பிய ஊரார், பிணத்தைத் தேடப் பாதரசம் வைத்த ரொட்டிகளை ஆற்றில் மிதக்க விடுகின்றனர். ஒன்றை எட்டிப் பிடித்துத் தின்னும் ஹக், இது பெரிய மனிதர் உண்ணும் கடைரொட்டி, இழிந்த கார்ன் போன் அன்று என மகிழ்கிறான். பள்ளிக்கு அஞ்சி ஓடும் நாடோடிப் பையனே! ஆயினும் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்னும் ஊரார் கணக்கு அவன் நாவிலும் ஏறியிருக்கிறது. ஆசிரியர் இதனை விளக்கிக் கூறாமல் ஒரு சொல்லில் வைத்துப் போகிறார்.

அடுத்த அதிகாரத்திலேயே கணக்கு மாறுகிறது. அடிமைத்தளையினின்று ஓடிவந்த ஜிம்முடன் அவன் ஒரு குகையில் இருக்கிறான். வெளியே இடியும் மழையும். இதனினும் இனிய இடம் வேண்டா என்று கூறி, மீன்துண்டமும் சூடான மக்காச்சோள ரொட்டியும் இன்னும் கொஞ்சம் கேட்கிறான். இழிந்ததென்ற பேச்சு எங்கே போயிற்று? பதினெட்டாம் அதிகாரத்தில் இது முழுமை பெறுகிறது. இரு குடும்பங்களின் பழம்பகையில் தன் வயதொத்த நண்பன் மாண்டதைக் கண்டு அழுது, ஹக் தெப்பத்திற்குத் திரும்புகிறான். முதல்நாளிலிருந்து அவன் ஒன்றும் உண்ணவில்லை. ஜிம் எடுத்து வைப்பவை கார்ன் டாட்ஜர், மோர், பன்றியிறைச்சி, முட்டைக்கோசு, கீரை. முறையாகச் சமைத்தால் உலகில் இவற்றை வெல்லும் உணவில்லை என்கிறான் ஹக். துயரத்தைப் பற்றி ஆசிரியர் மேலும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. உணவுப் பெயர்களை வரிசையாக அடுக்கியதே போதுமாயிற்று. அவை எளியவை என்பதும், பசித்த ஒருவனுக்கு இன்னொருவன் எடுத்து வைத்தவை என்பதும் அந்த வரிசையிலேயே உள்ளன.

ஆயின் இங்கே ஒரு தடை எழுப்ப வேண்டியுளது. டுவெய்ன் இவ்வுணவை நினைத்த இடம், மிசௌரி மாநிலத்தில் அவருடைய மாமன் ஜான் குவார்ல்சின் பண்ணை. வடபகுதியார்க்கு இந்த ரொட்டி செய்யத் தெரியாது எனத் தம் தன்வரலாற்றில் அவர் எள்ளுகிறார். அப்பண்ணையில் உழைத்தவரோ அடிமைகள். அதே தானியத்தைப் பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் காண்க. அடிமையாய்ப் பிறந்த அவர், வளர்ந்த அடிமை ஒருவனுக்கு மாதப் படி எட்டு ராத்தல் பன்றியிறைச்சியும் (அல்லது அதற்கீடான மீனும்) ஒரு புஷல் மக்காச்சோள மாவும் என அளவோடு எழுதுகிறார். குழந்தைகட்கு அம்மாவைக் கூழாக்கித் தரையில் வைத்த மரத்தொட்டியில் ஊற்றுவர். சிப்பியோடு கொண்டும் வெறுங்கையாலும் அள்ளி, விரைந்து உண்டவனுக்கே மிகுதி கிட்டும். அங்குச் சுவை என்ற பேச்சே இல்லை. எளிய வீட்டுணவு இனியது என்று பாடும் எழுத்தாளர் எவரும், மாவை அளந்து கொடுத்த கை யாருடையது என்ற இக்கேள்வியைக் கடந்தே செல்லல் வேண்டும்.

டுவெய்ன் அதனை அறியாதவர் அல்லர். 1901இல் எழுதப்பெற்று, அவர் மறைவுக்குப் பின் 1923இல் வெளிவந்த 'கார்ன் போன் கருத்துக்கள்' என்னும் கட்டுரையில், தம் இளமையில் விறகுக் குவியல் மேல் நின்று சொற்பொழிவாற்றிய அடிமை இளைஞன் ஒருவனை நினைவுகூர்கிறார். ஒருவனுக்கு ரொட்டி எங்கிருந்து வருகிறதென்று சொன்னால், அவன் கொள்கை இன்னதென்று தான் சொல்லிவிடுவதாக அவ்விளைஞன் கூறினானாம். தீவில் கடைரொட்டியைப் புகழ்ந்த ஹக்கிற்கு இது நன்கு பொருந்தும்.

கதையின் பிற்பகுதி முற்பகுதியின் உயரத்தில் இல்லை என்று திறனாய்வாளர் பலர் கூறியுள்ளனர். அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை, ரொட்டியே சான்று. முப்பத்தாறாம் அதிகாரத்தில் ஜிம் பிடிபட்டு ஒரு குடிலில் அடைபட்டுக் கிடக்கிறான். சிறைக்கதைகளைப் படித்து மயங்கிய டாம் சாயர், அவனுக்கு வரும் கார்ன் போனுக்குள் மெழுகுவர்த்தித் தண்டின் துண்டொன்றைச் செருகுகிறான். ஜிம்மின் எசமானி தம் இறுதி முறியில் அவனுக்கு விடுதலை எழுதிவிட்டு இறந்ததை டாம் முன்பே அறிவான்! தெப்பத்தில் பசியாற்றிய பண்டம் இங்கே விளையாட்டுப் பொருளாயிற்று. அருகிலிருந்து பார்க்கும் ஹக்கோ அதனை வேடிக்கையாகவே நமக்குச் சொல்கிறான். பதினெட்டாம் அதிகாரத்து ஹக் இவ்வாறு சொல்வானோ என ஐயுறுதல் தகும். கடித்த ஜிம்மின் பற்கள் நொறுங்கிவிடும்போல் ஆயின. அவன் யாரையும் குறை கூறவில்லை. ரொட்டியில் எப்போதும் கிடக்கும் கல்லோ என்னவோ என்பதுபோல் இருந்துவிட்டான். ஆனால் அதன்பின் எந்த உணவையும் முள்கரண்டியால் மூன்று நான்கு இடங்களில் குத்திப் பாராமல் அவன் வாயில் வைத்ததில்லை.